குண்டு விழுந்த ஊரு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஒவ்வொரு தடவையும் நாலு வரி தட்டிட்டு டிராஃப்ட்ல போட்டு வெச்சிருந்த மேட்டர் இது. இந்த வாரம் ரிலீஸ் வேலை முடிஞ்சு கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சுது. உங்க தலையெழுத்து, படிங்க :)

இன்ஜினியரிங் காலேஜ்ல சேர்ந்த முதல் நாள் ஹாஸ்டல்ல ஒருத்தன் கேட்டான், "மச்சி, நீ எந்த ஊரு?"

"கடலூர்."

"கடலூர்ல எங்க?"

இங்கதான் நான் தப்பு பண்ணிட்டேன். "தேவனாம்பட்டினம் பக்கத்துல, குண்டு உப்பலவாடி"ன்னு முழுசா சொல்லித் தொலைச்சிட்டேன். அப்ப நான் ஊதுபத்திக் குச்சி மாதிரி இருப்பேன். குச்சிக்கு ஊரு குண்டா? அவ்ளோதான். நாலு வருஷமும் என் பேரு 'குண்டு'. கான்வகேஷன் அன்னிக்கு எங்க அம்மா முன்னாடியே ஒருத்தன் "டேய் குண்டு, போட்டோக்கு வாடா"ன்னு கூப்பிட்டான். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல.

வேலைக்கு வந்த பிறகு உஷாராயிட்டேன். யார் கேட்டாலும் "தேவனாம்பட்டினம், சில்வர் பீச் இருக்குல்ல, அங்க"ன்னு சொல்லிடுவேன். பீச்சுன்னா ஒரு கெத்து இருக்கு. கழனிக்கு அது இல்ல. அப்படிச் சொல்றதுல ஒரு கால்வாசி பொய் இருக்குன்னு எனக்கே தெரியும். எங்க வீட்டுல இருந்து சைக்கிள்ல மிதிச்சா பதினஞ்சு நிமிஷத்துல கடல். ஆனா நாங்க கடல்காரங்க இல்ல. நெல்லும் காய்கறியும் சவுக்கும் போடுற வீடு.

ஊரு எங்க இருக்குன்னு முதல்ல சொல்லிடறேன். கடலூருக்கு ரெண்டு ஆறு. தெற்கால கெடிலம், வடக்கால தென்பெண்ணை. மஞ்சக்குப்பத்துல இருந்து நேரா கிழக்க போனா பெரியார் கலைக் கல்லூரி, அதைத் தாண்டினா தேவனாம்பட்டினம், அப்புறம் கடல். கெடிலம் கடல்ல சேர்ற இடம் தேவனாம்பட்டினத்துக்குத் தெற்கே. தென்பெண்ணை கடல்ல சேர்றது வடக்கே தாழங்குடா பக்கம். இந்த ரெண்டு ஆத்துக்கும் நடுவுல, மேற்கால ஊருக்கும் கிழக்கால கடலுக்கும் இடையில மாட்டிக்கிட்டு இருக்கிற வண்டல் துண்டுதான் நம்ம ஏரியா. நந்தி மலையில கிளம்பி, கிருஷ்ணகிரி, சாத்தனூர்னு சுத்திக்கிட்டு தென்பெண்ணை கொண்டாந்து கொட்டின மண்ணு. மம்முட்டியைப் போட்டா மேல களி, ஒரு முழம் கீழ மணல், இன்னும் தோண்டினா தண்ணி. சின்ன வயசுல எல்லா ஊருலயும் பத்தடியில தண்ணி வரும்னு நினைச்சிருந்தேன். சென்னைக்கு வந்து லாரித் தண்ணிக்கு காசு குடுக்கும்போதுதான் புரிஞ்சுது.

சரி, குண்டு மேட்டருக்கு வருவோம்.

ஏன் ஆயா நம்ம ஊருக்கு இந்தப் பேருன்னு கேட்டா, "வெள்ளக்காரன் கோட்டையில இருந்து சுட்டான், குண்டு இங்க வந்து வுழுந்துச்சு, அதான்"னு ஒரே வரியில முடிச்சுடும். நான் ஏதோ சண்டையில குண்டு விழுந்துச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன். ஆயாவுக்கு எல்லாத்துக்கும் ஒரு கதை இருக்கும், இதுவும் அதுல ஒண்ணுன்னு விட்டுட்டேன்.

வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் கழிச்சு, வீட்டுல இருந்தே வேலைன்னு ஊருல உக்காந்திருந்த சமயம், சும்மா இணையத்துல மேஞ்சப்பதான் தென்னாற்காடு மாவட்ட கெசட்டியர் கண்ணுல பட்டுச்சு. டபிள்யூ. பிரான்சிஸ்னு ஒரு ஐ.சி.எஸ். அதிகாரி 1906-ல எழுதினது. அதுல நம்ம ஊரு கதை இருக்கு மக்களே! ஆயா சொன்னது அப்படியே நிஜம். ஆனா அது சண்டை இல்ல. நில அளவை.

தேவனாம்பட்டினத்தை வெளிநாட்டுக்காரங்க அவங்க வாயில நுழைஞ்ச மாதிரி 'தெக்னாபட்டம்'னு எழுதி வெச்சிருக்காங்க. 1608-லயே டச்சுக்காரங்க செஞ்சி நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கி இங்க வியாபாரம் பண்ண வந்துட்டாங்க. அப்புறம் உள்ளூர் வியாபாரி ஒருத்தர் இங்க ஒரு கோட்டை கட்டினார். 1677-ல சிவாஜி செஞ்சியைப் பிடிச்சதும் கோட்டை மராத்தியர் கைக்குப் போச்சு. சிவாஜி பையன் ராஜாராம் 1689 கடைசியில செஞ்சிக்கு வந்து சேர்றார். பின்னாலயே அவுரங்கசீப்போட படை. முற்றுகை எட்டு வருஷம். முற்றுகைன்னா என்ன? கையில காசு வேணும். ராஜாராமுக்குப் பணமுடை. அந்த நேரம் பார்த்து 1690-ல ஆங்கிலேயக் கம்பெனி "கோட்டையை எங்களுக்கு வித்துடுங்க"ன்னு நின்னுச்சு. அப்ப சென்னையில கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகம்னு இருக்கே, அந்தப் பேருக்குக் காரணமானவர்தான். அவர் குடும்பம் வேல்ஸ் நாட்டுப் பூர்வீகம், அங்க டேவிட்தான் காவல் புனிதர். அதனால கோட்டைக்குப் பேரு புனித டேவிட் கோட்டை.

சூப்பர் விஷயம் பத்திரத்துலதான் இருக்கு. கோட்டையோட சேர்த்து எவ்வளவு நிலம்? ஏக்கர் கிடையாது, காணி கிடையாது. கோட்டையில இருந்து ஒரு பீரங்கியைச் சுட்டா குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அந்தச் சுத்துவட்டம் பூராவும் கம்பெனிக்கு!

நம்ம தொழில்ல ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட் படிச்சுப் படிச்சு நொந்து போனவங்களுக்கு இந்த இடத்துல ஒரு ஓட்டை தெரியும். எந்த பீரங்கி? எவ்வளவு மருந்து? எத்தனை டிகிரி சாய்வு? ஒண்ணும் எழுதல. கிளையன்ட் கையெழுத்துப் போட்டுட்டார். வென்டர் சும்மா இருப்பானா? சென்னையில இருந்து நல்ல பித்தளை பீரங்கியா பார்த்து அனுப்பி வெச்சாங்க. மிச்சமெல்லாம் சுடுறவன் கைத்திறமை. 1690 செப்டம்பர்ல ஒவ்வொரு திசையா திருப்பிச் சுட்டாங்க. தெற்கால கெடிலத்தைத் தாண்டி இருந்த கடலூர் பழைய டவுனே உள்ள வந்துடுச்சு. வடக்கேயும் மேற்கேயும் குண்டு விழுந்த வரைக்கும் இருந்த கிராமங்கள் எல்லாம் 'குண்டு கிராமங்கள்'. கடலூர்ல இன்னிக்கும் குண்டு சாலைன்னு ஒரு ரோடு இருக்கு. அதுல பஸ்ஸுக்கு நிக்கிற எத்தனை பேருக்கு அது எந்தக் குண்டுன்னு தெரியும்?

செப்டம்பர்னா நமக்குப் புரட்டாசி வாக்குல. சம்பாவுக்கு உழவு ஓட்டுற நேரம். எங்க கழனி இருக்கிற இடத்துல அன்னிக்கு யாரோ ஒருத்தர் ஏர் பூட்டி நின்னிருப்பார். கிழக்கால 'டம்'முனு சத்தம். கொஞ்ச நேரத்துல சேத்துல 'பொதக்'குனு ஒண்ணு விழுந்திருக்கும். மாடு மிரண்டிருக்கும். அவர் மாட்டைப் பிடிச்சு நிறுத்திட்டு மறுபடி உழுதிருப்பார். அந்தச் சால் ஆரம்பிக்கும்போது அவர் மராத்தியர் குடி, முடிக்கும்போது கம்பெனி குடி. அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. வரி கேட்டு வேற ஆளு வந்தப்பதான் தெரிஞ்சிருக்கும்.

இன்னொரு விஷயம். எங்க பக்கம் குண்டு உப்பலவாடி மட்டும் இல்ல. சும்மா உப்பலவாடி இருக்கு. உச்சிமேடு, நாணமேடு பக்கம் சுப உப்பலவாடின்னு ஒண்ணும் இருக்கு. 'சுப'ன்னா ஏதோ சுபமுகூர்த்தம் மாதிரின்னுதான் நான் இத்தனை நாளும் நினைச்சிருந்தேன். கெசட்டியர் படிச்ச ராத்திரி திடீர்னு ஒண்ணு தோணுச்சு. 'சுபா'ன்னா முகலாயர் காலத்துல மாகாணம். 1698-ல செஞ்சி முகலாயர் கைக்குப் போச்சு, அப்புறம் ஆற்காட்டு நவாப் ஆட்சி. அப்படின்னா குண்டு எட்டின உப்பலவாடி கம்பெனிக்கு, குண்டு எட்டாத உப்பலவாடி சுபாவுக்குன்னு பிரிஞ்சிருக்குமோ? இது முழுக்க என் ஊகம்தான், யாரும் ஆதாரம் கேட்டுடாதீங்க. ஆனா ஒரே ஊருப் பேரு ரெண்டா பிரிஞ்சு, ஒண்ணுக்கு முன்னாடி 'குண்டு', இன்னொண்ணுக்கு முன்னாடி 'சுப'ன்னு நிக்கிறதைப் பார்த்தா வேற எப்படி யோசிக்கிறது?

கோட்டைக்கு அப்புறம் ஒரு பெரிய வாழ்வு வந்துச்சு. 1746-ல பிரெஞ்சுக்காரங்க சென்னையைப் பிடிச்சப்ப, தென்னிந்தியாவுல ஆங்கிலேயருக்கு தலைமையிடமே நம்ம தேவனாம்பட்டினம்தான். 1752 வரைக்கும் அப்படித்தான். அப்ப ராபர்ட் கிளைவ்னு ஒரு இருபது இருபத்தோரு வயசு கிளார்க்கு மாறுவேஷம் போட்டு சென்னையில இருந்து தப்பிச்சு இங்க ஓடி வந்தார். இங்க வந்துதான் பேனாவை வெச்சுட்டு பட்டாளத்துல சேர்ந்தார். 1756-ல இதே கோட்டைக்கு கவர்னரா வந்தார். 1758 ஜூன்ல பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடிச்சு இடிச்சுத் தள்ளினார். அப்புறம் 1760-ல ஆங்கிலேயர், 1782-ல மறுபடி பிரெஞ்சு, 1785-ல திரும்ப ஆங்கிலேயர்னு பந்து மாதிரி மாறி மாறிப் போய், கடைசியில யாருக்கும் வேண்டாத இடமாயிடுச்சு. இன்னிக்கு கெடிலக் கரையில போய்ப் பார்த்தா செடி மண்டின செங்கல் சுவர்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கு.

கோட்டை போயிடுச்சு, கம்பெனி போயிடுச்சு, நவாப் போயிட்டார். குண்டு மட்டும் எங்க ரேஷன் கார்டுல இருக்கு.

இதையெல்லாம் படிச்சுட்டு ஏதோ கண்டுபிடிச்சவன் மாதிரி அப்பாகிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் மோட்டார் ஸ்டார்ட்டரைக் கழட்டி வெச்சு எறும்பு தட்டிக்கிட்டு இருந்தார். முழுசா கேட்டுட்டு, "அதான் ஆயாவே சொல்லுச்சேடா"ன்னார். அவ்ளோதான் ரியாக்ஷன்.

எங்களுக்கு இருக்கிறது மொத்தம் அறுவது சென்ட். தாத்தாவுக்கு ரெண்டு காணி இருந்துச்சாம். பாகம் பிரிஞ்சு பிரிஞ்சு அப்பா பங்குக்கு வந்தது இது. அதுல ஒரு போர், ஒரு மோட்டார் கொட்டகை, வடக்கு வரப்புல மூணு பனைமரம். அதை வெச்சுதான் என்னையும் தங்கச்சியையும் படிக்க வெச்சாங்கன்னு சொன்னா பொய். நிலம் பாதி, அப்பா வெளியில பார்த்த வேலை பாதி, பேங்க் லோன் பாதி. (கணக்குல பாதி மூணு வருதேன்னு கேக்காதீங்க, குடும்பக் கணக்கு அப்படித்தான் வரும்.)

அந்த நிலத்தோட ரெண்டு பக்கத்து எதிரியும் எனக்கு நல்லாத் தெரியும். ஒண்ணு கடல், இன்னொண்ணு ஆறு.

2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை எனக்கு ஏழு வயசு. காலையில ரோட்டுல சனங்க மேற்கால பார்த்து ஓடி வந்தாங்க. "கடல் உள்ள வந்துடுச்சு, கடல் உள்ள வந்துடுச்சு"ன்னு ஒரே சத்தம். கடல் எப்படி உள்ள வரும்னு எனக்குப் புரியல. என் வயசுப் பொண்ணு ஒண்ணு ஒரு காலுக்கு மட்டும் செருப்பு போட்டுக்கிட்டு எங்க திண்ணையில உக்காந்திருந்துச்சு. யார் கேட்டாலும் பேசல. ஆயா அதுக்கு நீராகாரம் குடுத்துச்சு, வாங்கிக்கல. சாயங்காலம் அவங்க மாமா வந்து கூட்டிட்டுப் போனார். கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போயிட்டாங்க. மாவட்டத்துல ரொம்ப அடிபட்டது தேவனாம்பட்டினம். எங்க நிலம் வரைக்கும் அலை வரல. ஆனா கிழக்கால இருந்தவங்க கழனி, கேணியெல்லாம் உப்பாயிடுச்சு. ரெண்டு மூணு மழைக்காலம் கழுவின பிறகுதான் பயிர் நின்னுச்சு.

அப்புறம் 2011 டிசம்பர் 30, தானே புயல். எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறுச்சு. விடிஞ்சு பார்த்தா அப்பா போட்டிருந்த சவுக்கு பூரா ஒரே பக்கமா, சீப்பு வெச்சு வாரின மாதிரி படுத்துக் கிடந்துச்சு. பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட போனதைப் பார்த்த பிறகு, "நம்மளுது சவுக்கு, நாலு வருஷத்துல திரும்ப வந்துடும். பலா வெச்சவன் என்ன பண்ணுவான்"னு அப்பா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

2015 வெள்ளம், 2021 வெள்ளம்... அதுக்கெல்லாம் தனித்தனியா எழுதலாம். நேரா 2024-க்கு வரேன். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை கடந்துச்சு. நாங்க காத்துக்குத்தான் பயந்தோம், தண்ணிக்கு இல்ல. ஆனா மேற்க திருவண்ணாமலைப் பக்கம் மழை கொட்டித் தீர்த்துச்சு. டிசம்பர் 2 விடியக்காலையில சாத்தனூர் அணையில 1,68,000 கன அடி தண்ணி திறந்தாங்க. ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம். கணக்குப் போட்டா ஒரு செகண்டுக்கு 47 லட்சம் லிட்டர். வழியில சேர்ந்த தண்ணி வேற. அத்தனையும் வந்து சேர்ற கடைசி ஊரு நம்ம ஊரு.

சென்னையில உக்காந்து போன்ல அடிச்சுக்கிட்டே இருந்தேன். லைன் போகல. மறுநாள் மதியம் சித்தப்பா போன்ல இருந்து அப்பா பேசினார். "எல்லாம் மாடியில இருக்கோம். மாட்டை அவுத்து விட்டாச்சு. நீ வராத, ரோடு இல்ல." அவ்வளவுதான். குண்டு உப்பலவாடி, தாழங்குடா, அந்தாண்ட நாணமேடு, உச்சிமேடு எல்லாம் தண்ணிக்குள்ள. பேர்ல 'மேடு' இருக்கிற ஊரே முழுகினா பள்ளத்துல இருக்கிறவன் கதி என்ன?

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். வீட்டுச் சுவத்துல இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு. அதை விட நிலம்தான் அடையாளமே தெரியல. வரப்பு எதுவும் இல்ல. ஆத்து மணல் முழங்கால் உயரத்துக்கு மேல வந்து அப்பிக்கிடக்கு. எங்களுது, பக்கத்து நிலம், அதுக்கடுத்தது எல்லாம் ஒண்ணாகி ஒரே மணல்வெளி. நடுவுல மோட்டார் கொட்டகை கூரை, அந்தாண்ட மூணு பனை.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா மெதுவா ஆரம்பிச்சார். ஒரு புரோக்கர் வந்துட்டுப் போனாராம். மேற்கால நாலஞ்சு பேர் குடுக்கிறதா சொல்லிட்டாங்களாம், சேர்த்து மனை போடப் போறாங்களாம். ரேட்டு நல்ல ரேட்டு.

"நீ அங்க ஃபிளாட்டு பாத்துனு இருக்கியே, முன்பணத்துக்கு ஆவும்."

எனக்கு வாயில சோறு இறங்கல. ஏன்னா ஃபிளாட்டு பத்தி அம்மாகிட்ட நான்தான் சொல்லியிருந்தேன். பணம் பத்தலைன்னு சொன்னதும் நான்தான். குடுங்கன்னு கேக்கல. ஆனா கேக்காம கேட்டதுதானே அது?

"வேணாம்பா"ன்னு உடனே சொல்லியிருந்தா நல்ல பையன். நான் சொல்லல. "முதல்ல அளந்து பார்ப்போம்பா"ன்னேன். மனசுக்குள்ள அந்த ரேட்டை அறுவதால பெருக்கிக்கிட்டு இருந்தேன். இதை எழுதுறதுக்கு வெக்கமா இருக்கு, ஆனா எழுதாம விட்டா இந்தப் பதிவே பொய்.

அளக்கணும்னா எல்லைக்கல் வேணும். எல்லாம் மணலுக்கு அடியில. நான் ஜம்பமா போன்ல பட்டா எடுத்தேன், எஃப்.எம்.பி. படத்தை டவுன்லோட் பண்ணேன், கூகுள் மேப்ல சாட்டிலைட் படம் வெச்சேன். எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, "அப்பா, கல்லு இங்கதான் இருக்கணும்"னு ஒரு இடத்தைக் காட்டினேன். அப்பா ஒண்ணும் சொல்லாம கடப்பாரையால குத்தினார். மணல். இன்னொரு இடம் சொன்னேன். மணல். மூணாவது இடத்துல ஏதோ 'டங்'குனுச்சு. தோண்டிப் பார்த்தா யாரோ வீட்டுல இருந்து அடிச்சுட்டு வந்த கிரைண்டர் கல்லு :(

போன்ல காட்டின நீலப்புள்ளி நான் அசையாம நின்னுக்கிட்டு இருக்கும்போதே பத்தடி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நடந்துக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் அப்பா கடப்பாரையை என்கிட்ட குடுத்துட்டு, நடு பனைமரத்துல முதுகைச் சாய்ச்சு நின்னார். மோட்டார் கொட்டகை மூலையை ஒரு தடவை பார்த்தார். தெற்கால பார்த்து நடக்க ஆரம்பிச்சார். வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே. நாப்பத்தி மூணு தப்படி. நின்னார். ஒரு எட்டு இடப்பக்கம் வெச்சார். "குத்து"ன்னார்.

மூணாவது குத்துல 'டங்'. சர்வே கல்லு.

"எப்படிப்பா?"

"உங்க தாத்தா தப்படி நாப்பது. அவரு உயரம். நமக்கு நாப்பத்தி மூணு. சின்ன வயசுல என்னைப் பின்னாடியே நடக்க வுட்டாரு." அப்படின்னுட்டு அடுத்த மூலைக்குப் போயிட்டார்.

நாலு கல்லுல மூணு கிடைச்சுது. நாலாவது, வடகிழக்கு மூலை, எவ்வளவு குத்தியும் கிடைக்கல. வெள்ளத்துல புரண்டு போயிருக்கும். மத்தியானம் வெயில்ல ரெண்டு பேரும் பனைமர நிழல்ல உக்காந்தோம். பனை நிழல் எவ்வளவு இருக்கும்னு உங்களுக்கே தெரியும், ஆளுக்கு அரை முதுகு. அப்பதான் எனக்கு அந்த 1690 விஷயம் திரும்ப ஞாபகம் வந்துச்சு. கோட்டை மேல நின்னு சுட்டவனுக்கு இந்த மண்ணுல ஒரு தப்படி கூட நடக்கத் தேவையே இல்ல. குண்டு நடந்துச்சு, அது போதும். நானும் சோழிங்கநல்லூர்ல உக்காந்துக்கிட்டு ரேட்டை அறுவதால பெருக்கினேனே, அதுவும் அதே வேலைதான். நிலத்துக்குள்ள கால் வெக்காம அளக்கிறது. இருபத்தேழு வயசு வரைக்கும் எங்க நிலத்தோட நாலு மூலை எதுன்னு எனக்குத் தெரியாது. தெரியணும்னு தோணினதும் இல்ல.

விக்கிறது தப்புன்னு சொல்ல வரல. அதையும் தெளிவா சொல்லிடறேன். ஊருல இருந்து முந்நூறு மைல் தள்ளி உக்காந்துக்கிட்டு "விவசாயத்தைக் காப்போம்"னு ஃபார்வர்டு அனுப்புற கோஷ்டியில நான் இல்ல. அப்பாவுக்கு அறுவது தாண்டிடுச்சு. மூட்டு வலி. ஆள் கிடைக்கல. கோடையில போர் தண்ணி வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா உப்பு கரிக்குது. மூணு வருஷத்துக்கு ரெண்டு வெள்ளம். வித்தவங்க யாரும் ஆசைப்பட்டு விக்கல. செஞ்சியில மாட்டிக்கிட்ட ராஜாராம் மாதிரி, கழுத்துல கத்தி வந்துதான் வித்தாங்க. ராஜாராம் வித்தது அடுத்தவங்க உழுத நிலத்தை, இவங்க விக்கிறது தான் உழுத நிலத்தை. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனா அது பெரிய வித்தியாசம்.

தை 5, சனிக்கிழமை, தென்பெண்ணையில ஆத்துத் திருவிழா. கடலூர், விழுப்புரம் பக்கத்துக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். மத்தவங்களுக்கு: சுத்துப்பட்டு ஊரு சாமியெல்லாம் ஆத்துக்கு வந்து தீர்த்தவாரி நடக்கும். மாசி மகத்துக்குக் கடலுக்கு, தேவனாம்பட்டினத்துக்கு வரும். தையில ஆத்துக்கு. ஆறு ஒண்ணரை மாசம் முன்னாடிதான் எங்க வீட்டு சமையல்கட்டு வரைக்கும் வந்துட்டுப் போயிருந்துச்சு. எவன் வருவான்னு நினைச்சேன். போனா கால் வெக்க இடம் இல்ல! வீடு முழுகினவங்க, மாடு போனவங்க, எல்லாம் புதுத்துணி கட்டிக்கிட்டு ஆத்துலயே நிக்கிறாங்க. ராட்டினம் சுத்துது. அம்மா வழக்கம்போல சிறுவள்ளிக்கிழங்கு ரெண்டு கிலோ வாங்குச்சு. வருஷத்துல இந்தத் திருவிழாவுல மட்டும்தான் அந்தக் கிழங்கு எங்க வீட்டுக்கு வரும்.

ஆயா வீல்சேர்ல வந்திருந்துச்சு. ஆத்தைப் பார்த்து, "வந்துட்டுப் போனியாடி, வூட்டுக்கு வந்தவள ஒருவாய் சாப்புடச் சொல்லக்கூட நேரம் குடுக்கலியே"ன்னுச்சு. பக்கத்துல நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. அம்மா மட்டும் முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிச்சு.

திரும்பி வரும்போது வண்டியில அப்பாகிட்ட கேட்டேன். "இந்த மணல்ல இப்போதைக்கு என்னப்பா போடலாம்?"

"நெல்லுக்கு மணல் எடுக்கணும். செலவு ஜாஸ்தி." கொஞ்ச தூரம் போய், "சவுக்கு வரும். மணல்னா அதுக்கு வாசி"ன்னார்.

"சவுக்கு எத்தனை வருஷம்?"

"நாலு."

"அப்ப நாலு வருஷம் கழிச்சு பேசிக்கலாமேப்பா. ஃபிளாட்டுக்கு நான் வேற பாத்துக்கறேன்."

அப்பா பதில் சொல்லல. ஆனா மாசி மாசம் சவுக்குக் கன்னு வாங்கிட்டேன்னு போன் பண்ணார். லீவு போட்டுட்டு போனேன். வாழ்க்கையில முதல் தடவையா அந்த நிலத்துல ஒரு நாள் முழுக்க வேலை செஞ்சேன். மறுநாள் ஸ்டேண்ட்-அப் மீட்டிங்ல நிஜமாவே ஸ்டேண்ட் பண்ண முடியல :)

ஃபிளாட்டு இன்னும் வாங்கல. வாடகை வீடுதான். நாலு வருஷம் கழிச்சு என்ன முடிவு எடுப்போம்னு எனக்குத் தெரியாது, விக்கக்கூட விக்கலாம். போன தடவை போனப்ப சவுக்கு என் தோளைத் தாண்டியிருந்துச்சு. நாலாவது கல்லுக்கு சர்வேயருக்கு எழுதிக் குடுத்திருக்கோம். அதுவரைக்கும் அந்த மூலையில அப்பா ஒரு உடைஞ்ச கிரைண்டர் கல்லை நட்டு வெச்சிருக்கார். ஆமா, நான் கண்டுபிடிச்சேனே, அதே கல்லுதான்.

நடு பனையில இருந்து முதல் கல்லுக்கு என் தப்படிக்கு நாப்பத்தி ஒண்ணு.

இப்பல்லாம் யாராவது ஊரு கேட்டா குண்டு உப்பலவாடின்னே சொல்லிடறேன். சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நேரம் இருக்கிறவங்களுக்குக் கதையும் சொல்றேன். உங்க ஊரு பேருக்குப் பின்னாடியும் இப்படி ஏதாவது ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். வீட்டுல ஆயாவோ தாத்தாவோ இருந்தா இன்னிக்கே கேட்டு வெச்சுக்கோங்க. அவங்க சொல்றது கதை மாதிரிதான் இருக்கும். எதுக்கும் ஒரு தடவை கடப்பாரையால குத்திப் பாருங்க.